கூச்ச சுபாவமாம்!

‘உம் பையன் நல்லவன்தாம்ப்பா. ஆனா யாரோடயும் ஒட்டமாட்டேங்கிறான். கூச்ச சுபாவம். பர்சனாலிட்டிய வளத்துக்கணும்.’

நான் எட்டாவது படிக்கையில் வாத்தியார் என் அய்யாவைக் கூப்பிட்டுச் சொன்னது இது. அய்யா கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டார். வீட்டுக்கு வந்து, ‘நாலு பேரோட பேசிப் பழகுடா’ என்றார். எந்த நாலு பேரோட? என் சோத்து டப்பாவுல மண்ணள்ளிப் போட்டவனோடயா? பேரைச் சொல்லாமல் சாதியைச் சொல்லிக் கூப்பிட்டவனோடயா? வாத்தியார் கணக்கில் அவன் ‘கலகலப்பான பையன்’. வாய் திறக்காத நான் ‘கூச்ச சுபாவம்’. இதுதான் தோழர்களே, பள்ளிக்கூடத்து உளவியல்!

பள்ளிக்கூடத்துக் கொடுமைகளை 1970களிலிருந்து ஆராய்ந்தவர் நார்வேயின் டான் ஓல்வேயஸ். அவர் மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலம் சமமில்லாத இடத்தில் செய்வது. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நம் ஊரில் இதற்கு ஏற்கனவே ஒரு பெயர் உண்டு: சாதி. வேறுபாடு ஒன்றுதான். இங்கே அடிக்கிற பையனுக்குப் பின்னால் ஒரு தெருவே நிற்கிறது. மணி அடித்து வீடு திரும்பினாலும் அந்தத் தெருவைத் தாண்டித்தான் நம் பிள்ளை சேரிக்கு வரவேண்டும்.

சதாராவில் சிறுவன் அம்பேத்கர் வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் தனியே உட்கார்ந்தார். பியூன் குழாயைத் திறந்துவிடாவிட்டால் தண்ணீர் கிடையாது. அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு ‘கவுன்சலிங்’ கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? சாக்கை ஒழுங்காக மடித்து வைக்கப் பழகு என்றா?

பன்னிரண்டு, பதிமூன்று வயதில் ஆளுமை இன்னும் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வயதில் தினமும் அவமானப்படுகிற பிள்ளை வாயால் சொல்லாது. காலையில் வயித்து வலிங்கும். தூக்கம் கெடும். மார்க் குறையும். பள்ளிக்கூடத்தில் விழுங்கியதை வீட்டில் தங்கச்சி மேல் காட்டும். வருகைப் பதிவேட்டில் மட்டும் ‘ஆப்சென்ட்’ என்று விழும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது என்ன? பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவர், உடன் படித்தவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். ஏன் வரவில்லை என்று ஆசிரியர்கள் கேட்டார்கள். சொன்னார். அன்று இரவே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள்.

அவர்கள் கையில் யார் கயிறு கட்டினார்கள்? 2019இல் சாதிக் கயிறுகளுக்கு எதிராகப் பள்ளிக்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும், என் கவனத்துக்கு வராமல் போய்விட்டது என்று அமைச்சரே பின்வாங்கினார். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, ஒரு பகுதியின் ஆதிக்க சாதிக்காரரை அங்கேயே தலைமை ஆசிரியராகப் போடக்கூடாது என்றது. நோய் பிள்ளையின் ‘சுபாவத்தில்’ இல்லை, பள்ளிக்கூடத்தின் அமைப்பில் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மனநல ஆலோசனை வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் அடிக்கிற கையைப் பிடிக்காமல் அடிபட்டவனுக்கு மட்டும் தைலம் தடவுவது வைத்தியம் அல்ல, ஏய்ப்பு.

நாமும் யோக்கியமில்லை. ‘தைரியமா இருடா’ என்று முதுகில் தட்டிவிட்டுப் போஸ்டர் ஒட்டப் போய்விடுகிறோம். மாலைப் பள்ளி நடத்தும் தோழர்களே, பாடத்துக்கு முன்னால் பத்து நிமிடம் பிள்ளைகளைப் பேச விடுங்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள். தாயைத் தனியாக அனுப்பாமல் கூட்டமாகத் தலைமை ஆசிரியரிடம் போங்கள். தூண்டிவிடுகிற பெரியவர்கள் மேல் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கேளுங்கள்.

‘பையன் ஏன் பேசமாட்டேங்கிறான்?’ என்று இனி எந்த வாத்தியாராவது கேட்டால், திருப்பிக் கேளுங்கள்: ‘பேசினா அன்னைக்கு ராத்திரி அவன் வீட்டு வாசல்ல யார் சார் நிப்பீங்க?’