தொற்காளின் கைகள்: தையல் பழகுவோருக்கு முதல் நான்கு பொருட்கள்



நம்முடைய வீடுகள் பலவற்றில் தையல் மெஷின் ஒன்று இருக்கிறது. திருமணத்தின்போது பெற்றோர் சீராகக் கொடுத்தனுப்பியது. ஊரிலிருந்து இரயிலேற்றிக் கொண்டுவரப்பட்டது. ஆனால் மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பங்களில் அது பெரும்பாலும் மேசையாகவே பயன்படுகிறது. அதன்மேல் விரிப்பு, விரிப்பின்மேல் பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள். ஏன் தைப்பதில்லை என்று கேட்டால், "ஒருமுறை ரவிக்கை தைத்துப் பார்த்தேன், துணி வீணாயிற்று, விட்டுவிட்டேன்" என்பதே பல சகோதரிகளின் பதில்.

குறை அவர்களுடைய கைகளில் இல்லை. தொடங்கிய இடத்தில்தான் இருக்கிறது. ரவிக்கை என்பது வளைவுகளும் டக்குகளும் நிறைந்தது. பழகிய தையற்காரருக்கே கவனம் தேவைப்படும் வேலை. நேர்க்கோட்டுத் தையலில் முடியும் பொருட்களிலிருந்து தொடங்குகிறவர் சோர்ந்துபோவதில்லை.

வேதத்தில் ஊசியும் நூலும் அற்பமாக எண்ணப்படவில்லை. யோப்பா பட்டணத்துத் தொற்காள் மரித்தபோது, அவள் உயிரோடிருக்கையில் செய்துகொடுத்த வஸ்திரங்களையே விதவைகள் அழுதுகொண்டு பேதுருவுக்குக் காண்பித்தார்கள் (அப்போஸ்தலர் 9). ரோமாபுரியைவிட்டு வெளியேற நேர்ந்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்து பிழைத்தார்கள். அதே தொழிலை அறிந்திருந்த பவுலும் அவர்களோடே தங்கி வேலை செய்தார் (அப்போஸ்தலர் 18). சொந்த ஊரைவிட்டு வந்தவர்களுக்குக் கைத்தொழில் எவ்வளவு பெரிய ஆதரவு என்பதை அந்தக் குடும்பம் அறிந்திருந்தது.

மெஷினை அறிந்துகொள்ளுங்கள்

முதலில் தூசியைத் துடைத்து, எண்ணெய்த் துளைகளில் மெஷின் எண்ணெய் ஓரிரு துளிகள் விடுங்கள். சமையல் எண்ணெயோ தேங்காயெண்ணெயோ விடவேண்டாம்; அது பிசுபிசுத்து இறுகிவிடும். சாதாரணப் பருத்தித் துணிக்கு 14 எண் ஊசி, கனத்த துணிக்கு 16, மெல்லிய துணிக்கு 11. ஊசியின் நீண்ட பள்ளம் உள்ள பக்கத்திலிருந்தே நூலைக் கோக்கவேண்டும். தையலின் அளவு ஓர் அங்குலத்திற்கு 10 முதல் 12 வரை இருக்கட்டும்.

மிதிக்கும்போது சக்கரம் நம்மை நோக்கியே சுழலவேண்டும். பின்னோக்கிச் சுழன்றால் நூல் சிக்கும். ஆகையால் முதல் இரண்டு நாட்கள் நூலில்லாமல், பழைய ஊசியை மாட்டி, கோடு போட்ட நோட்டுத்தாளில் கோட்டின்மேலேயே ஓட்டிப் பழகுங்கள். பின்பு சதுரம், அதன்பின் வட்டம். ஊசித்துளைகள் கோட்டைவிட்டு விலகாத நாளில் துணியை எடுக்கலாம்.

துணியின் அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பெரும்பாலும் காரணம் மேல்நூல்தான். பாதத்தைத் தூக்கிவைத்து மேல்நூலை மீண்டும் கோத்துப் பாருங்கள். அப்படியும் தொங்கினால் மட்டும் டென்ஷன் திருகைச் சற்று இறுக்குங்கள். தைக்கத் தொடங்கும்போது இரு நூல்முனைகளையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டால் சிக்கல் வராது.

புதுப் பருத்தித் துணியை வெட்டுமுன் நனைத்து உலர்த்தி இஸ்திரி போடுங்கள். தைத்தபின் சுருங்கினால் உழைப்பு வீணாகும். கீழ்க்கண்ட அளவுகளில் தையலுக்கு அரை அங்குலம் சேர்க்கப்பட்டிருக்கிறது.

1. அடுப்படிப் பிடிதுணி

பழைய பருத்தித் துணியில் 8 அங்குலச் சதுரம் இரண்டு, பழைய டர்க்கி டவலில் அதே அளவில் இரண்டு வெட்டுங்கள். பருத்தித் துணிகள் இரண்டின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, மேலும் கீழும் டவல் துண்டுகளை வையுங்கள். 3 அங்குலம் திறப்பு விட்டுச் சுற்றிலும் தையுங்கள். மூலைகளைத் தையல்படாமல் கத்தரித்து, திறப்பின் வழியே நல்ல பக்கத்தைத் திருப்புங்கள். திறப்பை உள்ளே மடித்து ஓரமாகச் சுற்றித் தைத்து, மூலைக்கு மூலை பெருக்கல் குறிபோல ஒரு தையல் போடுங்கள். பாலியெஸ்டர் துணி கூடாது. சூட்டில் உருகிக் கையைச் சுடும்.

2. தலையணை உறை

17க்கு 27 அங்குலத் தலையணைக்கு, 64 அங்குல நீளமும் 19 அங்குல அகலமும் உள்ள துணி தேவை. நைந்த படுக்கைவிரிப்பின் நல்ல பகுதியே போதும். குறுகிய ஓரங்கள் இரண்டையும் ஓர் அங்குலம் உட்பக்கமாக இருமடிப்பு மடித்து அடியுங்கள். இப்போது நீளம் 62 அங்குலம். நல்ல பக்கம் மேலே தெரியும்படி விரித்து, ஒரு முனையிலிருந்து 28 அங்குலத்தை மேலே மடியுங்கள். அடியில் 6 அங்குலம் நீண்டிருக்கும். அதை மடித்து மேலே போடுங்கள். இரு பக்கங்களையும் தைத்துத் திருப்பினால் அந்த 6 அங்குலம் உள்ளே சென்று தலையணையைப் பிடித்துக்கொள்ளும். பட்டனும் காஜாவும் வேண்டியதில்லை.

3. கடைத்தெருப் பை

மகாராஷ்டிரத்தில் 2018ஆம் ஆண்டிலும், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பைகள் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. நம் ஊர் மஞ்சள் பைக்கு மறுபடியும் மதிப்பு வந்திருக்கிறது.

கெட்டியான துணியில் 36 அங்குல நீளம், 16 அங்குல அகலம் வெட்டுங்கள். கைப்பிடிக்கு 24 அங்குல நீளம், 4 அங்குல அகலத்தில் இரண்டு பட்டைகள். பட்டையின் இரு ஓரங்களையும் நடுவரை மடித்து, மறுபடி ஒன்றாக மடித்தால் ஓர் அங்குலப் பட்டையாகும். இரு ஓரத்திலும் தையுங்கள். பையின் வாய்ப்பகுதிகளை 2 அங்குலம் மடித்து அடித்து, பக்க ஓரத்திலிருந்து 4 அங்குலம் தள்ளிக் கைப்பிடிகளை இணையுங்கள். அவ்விடத்தில் சிறு சதுரமும் அதனுள் பெருக்கல் குறியுமாகத் தைத்தால்தான் ஐந்து கிலோ அரிசியைத் தாங்கும். பின்பு நல்ல பக்கங்களை உள்ளே வைத்து மடித்து, பக்கங்களை இரட்டைத் தையலாக அடியுங்கள்.

4. வேதாகம உறை

வேதாகமத்தை மூடிவைத்து, முன்னட்டை ஓரத்திலிருந்து முதுகைச் சுற்றிப் பின்னட்டை ஓரம்வரை அளவெடுங்கள். அதோடு 7 அங்குலமும், உயரத்தோடு ஒன்றரை அங்குலமும் கூட்டுங்கள். உயரம் எட்டரை, சுற்றளவு 13 என்றால் 20க்கு 10 அங்குலம். மேல்துணி ஒன்று, உள்துணி ஒன்று. நல்ல பக்கங்களைச் சேர்த்துச் சிறு திறப்பு விட்டுச் சுற்றித் தைத்துத் திருப்புங்கள். இரு முனைகளையும் உட்பக்கமாக 3 அங்குலம் மடித்து, மேலும் கீழும் ஓரத்தை ஒட்டித் தையுங்கள். அந்த மடிப்புகளுக்குள் அட்டைகளைச் செருகிவிடலாம். மழைக்காலத்தில் ஆராதனைக்கு நடந்து செல்வோர் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்துக்கொள்ளலாம்.

இதற்குப் பின்

இந்த நான்கையும் இரண்டிரண்டு முறை தைத்தபின் சேலைக்கு ஓரம் அடிக்கவும் ஃபால்ஸ் வைக்கவும் பழகுங்கள். அக்கம்பக்கத்தில் எப்போதும் தேவைப்படும் வேலை அது. அடுக்களைச் செலவுக்கு உதவும். ரவிக்கையை அறிந்தவர் அருகில் அமர்ந்தே கற்றுக்கொள்ளுங்கள்.

மெஷின் இல்லாதவர்கள் வாரத்தவணைக் கடன் வாங்கி வாங்கவேண்டாம். மூன்று மாதம் ஒரு சகோதரியின் வீட்டில் பழகுங்கள்; கை பழகியபின் பழைய மெஷினை விசாரித்து வாங்கலாம். ஏற்றுமதி ஆடை ஆலைகளில் வேலைசெய்யும் சகோதரிகள் நம் சபைகளில் உண்டு. நாள் முழுவதும் காலரையோ கையையோ மட்டும் தைத்து, தன் வீட்டுக்கென்று ஒரு முழுப்பொருளைத் தைத்திராதவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். மெஷினை ஓட்டும் வேகத்தை அவர்கள் கற்றுக்கொடுக்கட்டும். வெட்டும் அளவை மற்றவர்கள் கற்றுக்கொடுக்கட்டும். மொழி தெரியாத பட்டணத்தில் பகலெல்லாம் தனித்திருக்கும் இளம் சகோதரிக்கு, வாரத்தில் ஒரு மதியம் இப்படிக் கூடுவதே பெரிய ஆறுதல்.

ஒரு வேண்டுகோள். கோணலாக வந்த முதல் பையை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நேராக வந்த முதல் பையைச் சபையிலுள்ள ஒரு விதவைத் தாயாருக்குக் கொடுங்கள். வீட்டில் வைக்கத் தகாததை ஏழைக்குக் கொடுப்பது தருமமாகாது. தொற்காள் கொடுத்த வஸ்திரங்கள் பேதுருவுக்கு முன்பாக எடுத்துக் காட்டத்தக்கவையாய் இருந்தன என்பதை மறவாதிருப்போம்.

உங்கள் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.