கோப்பை வந்தது... மைதானம் எங்கே?



ஒரு சின்னக் கேள்வி. ரியல் மாட்ரிட் அணியில் ஆடும் பதினொரு பேரைச் சொல் என்றால் நம் வகுப்பில் பாதிப் பேர் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். சரி, சென்னை சீனியர் டிவிஷன் லீகில் ஆடும் மூன்று அணிகளின் பெயரைச் சொல் பார்க்கலாம் என்றால்...? தலையைச் சொறிந்துகொண்டு கேன்டீன் பக்கம் நழுவிவிடுவோம். நானும்தாங்க. மற்றவர்களைக் குறை சொல்ல வரவில்லை. என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

2015 டிசம்பரை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நமக்கெல்லாம் அப்போது எட்டு, ஒன்பது வயது இருக்கும். 1-ம் தேதி ராத்திரி அடையாறு பொங்கியது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை என்று கரையோரம் முழுக்க வீட்டுக்குள் தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை. மீனம்பாக்கம் ஓடுபாதை மூழ்கிச் சில நாட்கள் விமானமே கிடையாது. நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் பக்கத்து மீனவர்கள் படகைத் தெருவுக்குக் கொண்டுவந்து ஜனங்களைக் கரை சேர்த்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நம் ஊர் சென்னையின் எஃப்.சி. அணி, ஐ.எஸ்.எல். இரண்டாவது சீசனில் அரையிறுதிக்கு வந்திருந்தது. ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்த அணி, கடைசியில் வரிசையாக ஜெயித்து மூன்றாவது இடம் பிடித்தது. ஆனால் ஆடுவதற்கு ஊர் இல்லை! சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். டிசம்பர் 12-ல் அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். 16-ம் தேதி கொல்கத்தாவில் 2-1 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 4-2 என்று பைனலுக்குப் போய்விட்டார்கள்.

டிசம்பர் 20. கோவாவில் பைனல். எதிரணியும் கோவாதான். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், அவர்கள் ஊர், அவர்கள் கூட்டம்! 87-வது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முந்தியது. முடிஞ்சுதுடா என்று டி.வி.யை அணைத்தவர்கள் எத்தனை பேரோ! 90-வது நிமிஷம் கோவா கோல்கீப்பர் மேலேயே பட்டுப் பந்து வலைக்குள் போனது, 2-2. இரண்டே நிமிஷம் கழித்துக் கொலம்பியாக்காரர் மெண்டோசா அடித்தார். 3-2. கோப்பை சென்னைக்கு! அந்த சீசனில் அவர் அடித்தது மொத்தம் 13 கோல்.

வீடு முழுக்கச் சேறு அள்ளிக்கொண்டிருந்த ஊருக்கு அந்தக் கோப்பை ஒரு மருந்து மாதிரி வந்தது. இதை நான் மறுக்கவே மாட்டேன்.

இனிமேல்தான் விஷயம். அந்தப் பைனலில் கோவாவின் கோச் யார் தெரியுமா? பிரேசிலின் ஜிகோ. 1981-ல் ஃபிளமெங்கோ கிளப்புக்குத் தென் அமெரிக்கக் கிளப் சாம்பியன் கோப்பையான 'லிபெர்டடோரஸ்' வாங்கிக் கொடுத்தவர். நம் அணியில் இருந்த எலானோ, 2011-ல் சான்டோஸ் கிளப்போடு அதே கோப்பையை ஜெயித்தவர். ஆக, தென் அமெரிக்காவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்துவிட்டோம். ஆனால் அவர்களை உருவாக்கிய முறையைக் கூட்டிவந்தோமா? இதுதான் என் கேள்வி.

அந்தக் கோப்பை தொடங்கிய கதையைப் பாருங்கள். முதல் சீசன் 1960. ஏழே ஏழு நாடுகளிலிருந்து ஏழு கிளப்புகள். யாரும் காசு கட்டி உள்ளே வரவில்லை. அவரவர் நாட்டில் ஜெயித்த அணிதான் வரலாம். பிரேசிலில் இருந்து யார் வந்தது? பீலே ஆடிய சான்டோஸ் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! அந்த சான்டோஸைத் தோற்கடித்துவிட்டு பாஹியா என்ற கிளப் வந்தது. பெரிய பெயர் இருந்தால் மட்டும் போதாது, தரையில் ஜெயிக்கவேண்டும் என்பது சட்டம்.

முதல் கோப்பையை ஜெயித்தது உருகுவே நாட்டின் பென்யரோல். அந்த கிளப்பின் பூர்வீகம் என்ன தெரியுமா? 1891-ல் ரயில்வே கம்பெனி ஊழியர்கள் ஆரம்பித்தது. மாண்டிவிடியோ பக்கத்தில் ரயில் ஒர்க் ஷாப் இருந்த இடத்தின் பெயர்தான் பென்யரோல். நம் பாஷையில் சொன்னால் பெரம்பூர் டீம்! லேத்திலும் பிட்டிங்கிலும் எண்ணெய்க் கை வைத்தவர்கள் ஷிப்ட் முடிந்து ஆடிய ஆட்டம், ஒரு கண்டத்துக்கே சாம்பியன் ஆகியிருக்கிறது. டிப்ளமோ படிக்கிற நமக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்?

அதே சீசனில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அரையிறுதியில் பென்யரோலும் அர்ஜென்டினாவின் சான் லொரென்சோவும் இரண்டு ஆட்டத்திலும் டிரா. முடிவு காணும் மூன்றாவது ஆட்டத்தை எதிரியின் ஊரான மாண்டிவிடியோவிலேயே ஆட சான் லொரென்சோ ஒப்புக்கொண்டது. காரணம், பணக் கணக்கு. ஆட்டம் 2-1, தோல்வி. அவர்கள் மைதானத்தைக் காசுக்கு விட்டுக்கொடுத்தார்கள். நாம் வெள்ளத்தில் இழந்தோம், அதனால் நமக்கு மன்னிப்பு உண்டு. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகும் மைதானம் திரும்பி வரவில்லையே, அதற்கு யாரிடம் மன்னிப்பு?

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்தியன் வங்கி அணி தேசிய லீகில் கொல்கத்தா, கோவா கிளப்புகளோடு மோதிய காலம் உண்டு. 2003-04 சீசனில் கீழே இறங்கியது; அப்புறம் மேலே வரவில்லை. அடுத்தது சென்னை சிட்டி எஃப்.சி. 2018-19 ஐ-லீக் சாம்பியன்! ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயிண்டில் முந்திக் கோப்பை வாங்கியது. பெயர் சென்னை சிட்டி, ஆனால் சொந்த மைதானம்...? கோயம்புத்தூர்! 2020-21 சீசனோடு அந்த அணியும் ஐ-லீக்கிலிருந்து காணாமல் போனது. சென்னையின் அணி 2018 மார்ச் 17-ல் பெங்களூரை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று சாய்த்து இரண்டாவது கோப்பையும் வாங்கியது. சந்தோஷம். ஆனால் 2025 ஜூலையில் என்ன நடந்தது? போட்டியை நடத்தும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்திவைப்பதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு காகிதத்தில் கையெழுத்து விழவில்லை என்றால் ஒரு நாட்டின் பெரிய லீகே நிற்கும் என்றால், அது எந்த ஃபவுண்டேஷனில் கட்டியது? சிவில் நண்பர்கள் பதில் சொல்லட்டும்.

"ஏம்பா, ஸ்டார் வந்தாதானே கூட்டம் வரும்? ஐ.எஸ்.எல். வராட்டி நீயே புட்பால் பார்த்திருப்பியா?" என்று என் நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். நேரு ஸ்டேடியத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து புட்பால் பார்த்தது ஐ.எஸ்.எல். வந்த பிறகுதான். நம் ஊர் வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்த தனபால் கணேஷ், கோப்பை ஜெயித்த சென்னையின் அணியில் நடுக்களத்தில் ஆடியதும் உண்மை. ஆனால் ஒன்று கவனியுங்கள். தனபால் கணேஷை உருவாக்கியது ஐ.எஸ்.எல். இல்லை. வியாசர்பாடித் தெரு! அங்கே ஒரு மைதானமும், விடாமல் சொல்லிக்கொடுக்க நாலு பெரியவர்களும் இருந்தார்கள்.

டிராயிங் கிளாஸில் டாப் வியூ மட்டும் வரைந்து கொண்டுபோனால் ஸார் மார்க் போடுவாரா? எலிவேஷன் எங்கேடா என்பார். ஐ.எஸ்.எல். நமக்குக் காட்டியது டாப் வியூ. கீழே இருக்கவேண்டிய தெரு அணி, பள்ளி அணி, காலேஜ் அணி, டிவிஷன் லீக் எல்லாம் எலிவேஷன். அதை யாரும் வரையவில்லை.

நம்ம ஏரியாவையே பாருங்கள். மயிலாப்பூர், மந்தைவெளிப் பையன்களுக்குப் பந்து உதைக்கக் கடற்கரை மணல். பெசன்ட் நகர்ப் பையன்களுக்கும் மணல்தான். தி.நகரில் சோமசுந்தரம் மைதானத்துக்குப் போனால் அங்கே பத்து கிரிக்கெட் மேட்ச் ஒன்றுக்குள் ஒன்று ஓடும். (கிரிக்கெட் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஒரு மூலை கொடுத்தால் போதும்!) நம் காலேஜ் கிரவுண்டோ, பாதி பைக் ஸ்டாண்டு, பாதி முள்செடி. கோல்போஸ்ட் ஒன்று நிற்கிறது, இன்னொன்று படுத்திருக்கிறது. படுத்திருப்பதை நிமிர்த்த வெல்டிங் ஷாப்பில் ஒரு மத்தியானம் போதும். அதை நாமே இன்னும் செய்யவில்லை என்பதுதான் வெட்கம்.

ஆகவே மாணவர் மன்றத்துக்கு மூன்று விண்ணப்பம்.

ஒன்று, ஸ்போர்ட்ஸ் டே அன்று ஒரே நாளில் நாக்-அவுட் வைத்து முடிக்கவேண்டாம். மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் என்று டிபார்ட்மென்டுக்கு ஒரு அணி. வருஷம் முழுக்க லீக். தோற்றவனுக்கும் அடுத்த வாரம் ஒரு ஆட்டம் இருக்கவேண்டும். அப்போதுதான் ஆட்டம் வளரும்.

இரண்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிரவுண்ட் கேட்டைப் பக்கத்துக் குடிசைமாற்று வாரியப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவோம். பந்து நாம் வாங்குவோம். ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டால் முடிகிற காரியம்.

மூன்று, ஒரு தடவையாவது பெரியமேட்டுக்குப் பஸ் ஏறிப்போய் நம் ஊர் லீக் ஆட்டம் ஒன்றைப் பார்ப்போம். ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி என்று நாளை வேலைக்குப் போய் நாமே சேரக்கூடிய அணிகள் ஆடிய லீக் அது. காலி கேலரியைப் பார்த்து எந்த ஆட்டக்காரனுக்கு உற்சாகம் வரும்?

வெள்ளத்தில் படகு கொண்டுவந்தவர்கள் யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்கவில்லை. இருந்ததை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். நாமும் இருக்கிற ஒரு கோல்போஸ்ட்டிலிருந்து தொடங்குவோமே!

வாருங்கள் நண்பர்களே, முதலில் அந்தப் படுத்திருக்கிற கம்பத்தை நிமிர்த்துவோம்!

— மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்