வேளாங்கண்ணிக்குப் போய்வர எங்களுக்கும் வழி விடுங்கள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எங்கள் சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளில் வேளாங்கண்ணிப் பேச்சுதான். 29-ஆம் தேதி கொடியேற்றம், செப்டம்பர் 8-இல் மாதா பிறந்தநாள். நேர்ச்சை வைத்திருப்பவர்களோடு, கடலைப் பார்த்துவிட்டு வரலாமே என்பவர்களும் செலவுக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். இந்துக் குடும்பங்களும் போகும். கோலார் தங்க வயலில் பல வீடுகளுக்கு வெளியூர்ப் பயணம் என்று இருப்பதே அது ஒன்றுதான். அந்த ஒன்றுக்கும் இத்தனை தடையா என்று வயிறு எரிகிறது.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாமனார் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். எங்கள் ஊரோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணக்குப் பார்த்தால், கடல் மட்டத்துக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமாக இறங்கிப் பாறையை உடைத்திருக்கிறார்கள் எங்கள் ஆட்கள். அப்படிப்பட்ட மனுஷருக்கு வயசான காலத்தில் ஒரு தடவை கடலைக் காட்ட நாங்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்கப்புறம் இது, விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவு திரும்புகிறவர்களின் ஊராகிவிட்டது. என் வீட்டுக்காரரும் அந்த ரயிலில்தான் நின்றுகொண்டே போய்வருகிறார். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் நாங்கள் வேளாங்கண்ணி போக வேண்டும்.

எங்கள் பக்கத்து மாரிக்குப்பத்துக்கும் பங்காரப்பேட்டைக்கும் நடுவே 1894-லேயே தண்டவாளம் வந்துவிட்டது. தங்கத்துக்காக வந்த தண்டவாளம். அந்தக் கோடியில் நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு 2010-இல் ரயில் பாதை திறந்தார்கள். இடையில் ஜோலார்பேட்டை, சேலம், திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர் என்று எல்லாமே அகலப் பாதை. இங்கிருந்து அங்கே வரை இரும்பு விட்டுப்போகவில்லை. எங்கள் ஊரில் ஏறி அங்கே போய் இறங்க ஒரு ரயில்தான் இல்லை. பெங்களூரிலிருந்து விழாக்கால சிறப்பு ரயில் விடுவதுண்டு. அதைப் பிடிக்க மூட்டை முடிச்சோடு, முழங்கால் வலிக்காரியான மாமியாரையும் கூட்டிக்கொண்டு ரயில் மாற வேண்டும். சிறப்பு ரயில் என்பதால் கட்டணமும் கூடுதலாகவே இருக்கும்.

முன்பாவது ஒரு ஆறுதல் இருந்தது. 60 வயதான ஆண்களுக்குக் கட்டணத்தில் 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்குப் பாதி தள்ளுபடி. 2020 மார்ச்சில் கொரோனாவின் பெயரால் அதை நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பி வரவில்லை. பத்து வயது மகனுக்குப் படுக்கை வேண்டுமென்றால் முழு டிக்கெட். 2016-இல் வந்த விதி அது. ஆக, ஒரு காலத்தில் மூன்றரை டிக்கெட்டுக்குச் சற்றே கூடுதலான காசில் போயிருக்கக்கூடிய குடும்பம் இன்றைக்கு ஐந்து முழு டிக்கெட் வாங்க வேண்டியிருக்கிறது. இது யார் பாக்கெட்டிலிருந்து போகிறது என்று ரயில்வேயில் ஒருவராவது யோசித்தார்களா?

பஸ்ஸில் போகலாமே, பெண்களுக்கு இலவசம்தானே என்று பெங்களூர்ச் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். கர்நாடகத்தின் சக்தி திட்டம் 2023 ஜூனில் வந்தது. நல்ல திட்டம், நானே பயன்படுத்துகிறேன். ஆனால் அது மாநிலத்துக்குள் ஓடும் சாதாரண பஸ்ஸுக்குத்தான். தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்தில் இலவசம். தொலைதூர பஸ்ஸில் கிடையாது. எங்கள் ஊரோ எல்லையோரம். வி.கோட்டா, பேரணாம்பட்டு வழியாகப் போனால் ஆந்திராவில் நுழைந்துதான் தமிழ்நாட்டுக்குள் போக முடியும். லைன்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்தாலோ பெர்மிட், வரி, டோல் எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று நம் மேல்தான் விழுகிறது.

இவ்வளவும் தாண்டிப் போய்ச் சேர்ந்தால், அறை. ஆலயத்தின் விடுதிகள் விலை குறைவு, ஆனால் விழா நாட்களில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. போன முறை ஒரு தனியார் விடுதியில் போனில் ஒரு வாடகை சொன்னார்கள். நேரில் போனதும் அதற்கு இரண்டு மடங்கு கேட்டார்கள். “அண்ணே, போன்ல நீங்கதானே சொன்னீங்க?” என்றேன். “அது சாதா நாள் ரேட்டும்மா. வேணாம்னா சொல்லுங்க, வெளியே ஆள் நிக்குது” என்று பதில் வந்தது. பெரியவர்கள் இருவரும் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். கொடுத்தோம். வேறென்ன செய்வது? அந்த ஒரு இரவு வாடகையில் வீட்டில் பத்து நாள் சமையல் ஓடும். கடலில் நனைந்த பிறகு பெண்கள் உடை மாற்ற மறைவிடம் தேடி நானும் நாத்தனாரும் அலைந்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. மஞ்சள் துணி கட்டி, கால் தேய நடந்தே வருகிற பெண்களும் அந்த ஈரப் புடவையோடுதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

நாங்கள் ஏசி கேட்கவில்லை, ஓசியும் கேட்கவில்லை. கொடியேற்றத்துக்கு ஒரு நடை, தேருக்கு ஒரு நடை மாரிக்குப்பத்திலிருந்து சாதாரணக் கட்டணத்தில் ரயில் விடுங்கள். முதியோர் சலுகையைத் திருப்பிக் கொடுங்கள். விழா நாட்களில் ஒவ்வொரு விடுதி வாசலிலும் வாடகைப் பலகையை நாகப்பட்டினம் மாவட்ட நிர்வாகம் கட்டாயமாக்கட்டும். ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் உரிகத்திலும் இருக்கிற நம் ஜனங்களே, வீட்டுக்கு ஒரு கையெழுத்துப் போட்டு இந்தக் கோரிக்கைகளை மனுவாக நம் எம்.பி.யிடம் கொடுப்போம். பயணத்துக்கு 60 நாள் முன்னால் முன்பதிவு திறந்துவிடும். அதற்குள் கொடுத்தாக வேண்டும்.