ஜிடிகே 5: யார் பொறுப்பு?

லினக்ஸ் கணினியில் நாம் அழுத்தும் பொத்தானையும் உருட்டும் பட்டியலையும் திரையில் வரைவது பல நேரம் ஜிடிகே என்ற கட்டற்ற மென்பொருள் நூலகம். 1990களின் நடுவில், பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளுக்காக எழுதியது அது. பிறகு க்னோம், எக்ஸ்எஃப்சிஇ, மேட், சினமன் என்று பல மேசைச்சூழல்கள் அதன்மேல் எழுந்தன. மத்திய அரசின் சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸின் முகப்பும் அந்த வரிசையில் வருவதுதான்.

நான்காம் பதிப்பு 2020 டிசம்பரில் வந்தது. 2025 மார்ச்சில் வெளியான 4.18, பழைய எக்ஸ்11 திரை அமைப்புக்கான பகுதியை ‘விலக்கப்படவிருப்பது’ என்று குறித்துவிட்டது. ஐந்தாம் பதிப்பில், லினக்ஸைப் பொறுத்தவரை, அதற்கு மாற்றாக வந்த வேலண்ட் மட்டும் போதும் என்பது திட்டம். இதில் நியாயம் இருக்கிறது. எக்ஸ்11 1987-ஆம் ஆண்டுச் சரக்கு; இரண்டையும் சேர்த்துத் தாங்கினால் ஒவ்வொரு புது வசதிக்கும் இரட்டை வேலை. அந்த வேலையைச் செய்ய இருப்பவர்களோ வெகு சிலர். எனவே நீக்கலாமா கூடாதா என்று மல்லுக்கட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. நீக்குவதற்குள் யார் யார் என்னென்ன செய்திருக்க வேண்டும் என்பதே பேச வேண்டியது.

கடந்த காலத்தைப் பாருங்கள். ஜிடிகே 3 வந்தது 2011 பிப்ரவரியில். படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப் அதற்கு மாறியது 2020-இல். எக்ஸ்எஃப்சிஇ 4.12-க்கும், மாற்றத்தை முடித்த 4.14-க்கும் இடையே நாலரை ஆண்டுகள். நூலகத்துக்குத் தன் பெயரையே கொடுத்த கிம்ப், ஜிடிகேயின் மூன்றாம் பதிப்புக்கு வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். அப்போது நான்காம் பதிப்புக்கே நாலு வயது! எல்எக்ஸ்டிஇ என்ற மேசைச்சூழலின் குழுவினர் இந்தப் பாடே வேண்டாம் என்று க்யூட்டி என்ற வேறொரு நூலகத்தின் பக்கம் போய்விட்டார்கள். இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. வேலை முடிந்த இரவுகளில் நிரல் எழுதும் தன்னார்வலர்களுக்கு, ஓடிக்கொண்டிருக்கும் செயலியைப் புது நூலகத்துக்கு மாற்றுவது பலன் கண்ணில் படாத உழைப்பு. ஜிடிகே 3-இன் சிறு வெளியீடுகள்கூட அவ்வப்போது தோற்றக் கருப்பொருள்களை உடைத்தன. அந்தக் கசப்பு இன்னும் முழுதாக ஆறவில்லை.

மறுபக்கமும் உண்டு. 2016 ஜூனில் டொரன்டோவில் கூடிய ஜிடிகே உருவாக்குநர்கள், இரண்டாண்டுக்கு ஒரு பெரும் பதிப்பு, அதன் முதல் சில வெளியீடுகள் நிலையற்றவை என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார்கள். செயலி எழுதுவோரிடமிருந்து கடும் எதிர்ப்பு. செப்டம்பருக்குள் திட்டம் திருத்தப்பட்டது: 3.22 நீண்டகாலப் பதிப்பாக நிற்கும், சோதனைகள் தனி எண் வரிசையில் நடக்கும், 4.0 என்று வந்தால் அது நிலையானதாகவே வரும். எழுதுவதற்கு முன்பே திட்டம் பொதுவில் வந்ததால்தான் திருத்த முடிந்தது. எதிர்த்தவர்கள் சினத்தோடு காரணத்தையும் சொன்னதால்தான் திருத்தம் உருப்படியாக இருந்தது. ஐந்தாம் பதிப்புக்கும் இதே வழி வேண்டும். தூண் நட்ட பிறகு வாசலை மாற்றச் சொன்னால் கொத்தனார் என்ன செய்வார்?

தமிழ் பயன்படுத்துவோருக்கு இதில் நேரடிப் பங்கு இருக்கிறது. லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்யும் பலர் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகவே செய்கிறார்கள். எக்ஸ்11-இல் அது செயலிக்குள்ளேயே ஓர் இணைப்பாக ஏறிவிடும். வேலண்டிலோ பொதுவாகச் சாளரங்களை நிர்வகிக்கும் நிரலைத் தாண்டித்தான் எழுத்து செயலிக்கு வர வேண்டும். அந்த நிரல் இதற்கான நெறிமுறையை அரைகுறையாகக் கையாண்டால் முதலில் அடிபடுவது ஆங்கிலம் அல்ல. ‘கொ’ என்று அடித்துப் பின்நகர்வு விசையை அழுத்தினால் ‘க’ நிற்க வேண்டும் என்பது போன்ற சங்கதிகளை நம்மைத் தவிர வேறு யார் சோதித்துப் பார்ப்பார்கள்? சோதிக்காமல் இருந்துவிட்டு, வெளியான பின் குமுறுவது நம் வழக்கமாகவே ஆகிவிட்டது.

பார்வையற்றோரின் கதை இதைவிடக் கவலைக்குரியது. ஜிடிகே 4 அணுகல் வசதிக்கான அடுக்கை அடியோடு புதிதாக எழுதியது; வடிவமைப்பு முன்னதைவிடத் தெளிவு. ஆனால் விண்டோஸிலும் மேக்கிலும் திரைவாசிப்பானுக்கு ஜிடிகே செயலிகள் ஊமையாகவே இருந்தன. அக்சஸ்கிட் என்ற அணுகல் நூலகத்தின் துணையோடு அங்கே வழி பிறந்தது 4.18-இல்தான். ஐந்தாம் பதிப்பின் முதல் வரைபடத்திலேயே இதற்கு இடம் வேண்டும், பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

செயலி எழுதுவோர் ‘விலக்கப்படவிருப்பது’ என்று குறிக்கப்பட்ட பகுதிகளை இப்போதிருந்தே களையத் தொடங்கலாம். பட்டியல்களைக் காட்டும் ட்ரீவியூ 2023-இலேயே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நூலகக் குழு மாற்றத்துக்கான கையேட்டை, 5.0-க்குப் பிறகு அல்ல, அதற்கு முன்பே தர வேண்டும். அரசுகளுக்கும் வேலை இருக்கிறது. பாஸ் லினக்ஸை வளர்க்கும் மத்திய அரசு, பள்ளிகளுக்கு உபுண்டு அடிப்படையிலான இயங்குதளத்தைத் தரும் கேரளத்தின் கைட் போன்ற அமைப்புகள், கட்டற்ற மென்பொருளை உரிமக் கட்டணமின்றிப் பெறுகின்றன. மிச்சப்படும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொண்டு ஓரிரு பொறியாளர்களை இந்திய மொழி உள்ளீட்டுக்கும் அணுகல் வசதிக்கும் முழுநேரமாக அமர்த்தலாம். அதுவும் முடியாதென்றால், ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனையாவது சேர்க்கலாம்: செய்யும் திருத்தம் எதுவானாலும் அது மூலத் திட்டத்துக்கே திருப்பி அனுப்பப்பட வேண்டும்.