பாகும் தூசியும்

பதநீர் காய்ச்சுகிறவர்கள் அகப்பையைத் தூக்கிப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார்கள். தண்ணீராய் ஓடியது, காயக் காயத் தயங்கித் தயங்கி வழியும். அந்தத் தயக்கத்தைத்தான் பள்ளிக்கூடத்தில் பாகுநிலை என்று படித்தோம். ஆனால் பாகுக்குள் மூலக்கூறுகள் ஒன்றையொன்று எப்படி இழுத்துப் பிடிக்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரிகிற ஒரு மாதிரி உண்டு. அதுதான் தூசுப் பிளாஸ்மா. டியூப் லைட்டுக்குள் ஒளிர்கிறதே, அந்த மின்னேறிய வாயுதான் பிளாஸ்மா. அதில் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே உள்ள பிளாஸ்டிக் துகள்களைத் தூவினால், ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான எலெக்ட்ரான்களை ஏற்றிக்கொண்டு மற்றதைத் தள்ளும். சில நேரம் படிகம்போல அடுக்காக நிற்கும். சில நேரம் திரவம்போல ஓடும். லேசர் ஒளியில் துகள் துகளாகப் படம் பிடிக்கலாம்.

பூமியில் ஒரு தொல்லை. எடை இழுப்பதால் துகள்கள் கீழ்ப்பக்கம் மெல்லிய படலமாகத் தங்கிவிடும். எடையற்ற நிலையில்தான் எல்லாப் பக்கமும் பரவி நிற்கும். அதனால் 2001 முதலே ஜெர்மானியரும் ரஷ்யரும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இந்தச் சோதனைகளை நடத்தினார்கள். 2014-ல் மேலே போன பிகே-4 கருவியில், துகள்களைக் குழாயில் ஓடவிட்டு, லேசரால் தள்ளி, ஓட்டத்தையும் பாகுநிலையையும் ஆராய்ந்தார்கள்.

என் ஆதங்கம் இதுதான். இந்தத் துறையில் நாம் பின்தங்கியவர்கள் அல்ல. தூசுப் பிளாஸ்மா பாகுபோல வழிவதோடு, திடப்பொருள்போல மீள்தன்மையும் காட்டும், அதில் குறுக்கலைகள் ஓடும் என்று காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரதிமன் காவும் அபிஜித் சென்னும் 1998-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2002-ல் அங்கேயே சோதனையிலும் அந்த அலைகளைக் கண்டார்கள்.

2025-ல் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் பயறும் வெந்தயமும் முளைக்க வைத்தார். மகிழ்ச்சிதான். 2035-க்குள் நமக்கே ஒரு விண்வெளி நிலையம் என்று அரசு அறிவித்திருக்கிறது. அதில் தூசுப் பிளாஸ்மாவுக்கும் ஒரு மூலை ஒதுக்க வேண்டும். அதற்கான கருவியை இப்போதே நம் ஆய்வாளர்கள் தொடங்க வேண்டும்.

"இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்பீர்கள். சிப் தயாரிக்கும் பிளாஸ்மா அறையில் உருவாகும் தூசு சிப்பையே கெடுக்கிறது. நிலாத் தூசியும் மின்னேறிக் கருவிகளில் ஒட்டிக்கொள்ளும். சிப் ஆலையும் வேண்டும், நிலாவுக்கு ஆளும் போக வேண்டும் என்கிற நாடு, தூசியின் குணத்தைப் பிறர் எழுதிய கட்டுரையில் படித்து மட்டும் தெரிந்துகொள்ளலாமா?

பதம் பார்க்கத் தெரிந்தவன் அடுப்பைப் பக்கத்து வீட்டில் விடக்கூடாது.