சீடியில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

போன கிழமை பாடசாலை அலுமாரியை ஒதுக்கியபோது பழைய கலைவிழா ஒன்றின் சீடி கிடைத்தது. மேலே பிள்ளைகளின் படத்தோடு வடிவான வட்ட ஸ்டிக்கர். ஆசையாய்ப் போட்டுப் பார்த்தோம், ஓடவில்லை. ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பியிருந்தது. உரித்துவிட்டால் சரிவரும் என்று உரித்தோம். வெள்ளிப் பூச்சும் சேர்ந்து கழன்று வந்தது. கையில் மிஞ்சியது வெறும் பிளாஸ்டிக் வட்டு.

பிழை எங்களுடையதுதான். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

சீடியின் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் கவனமாகப் பார்ப்போம். உண்மையில் பயப்பட வேண்டியது மேல்பக்கத்துக்கு. சீடியின் தடிப்பு 1.2 மில்லிமீற்றர். அதில் கிட்டத்தட்ட முழுவதும் அடியிலுள்ள பிளாஸ்டிக். பதிவைத் தாங்கும் சாயப் படையும் உலோகப் பூச்சும் மேல்பக்கத்தோடுதான் இருக்கின்றன. அவற்றுக்குக் காவல் மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்று மட்டுமே.

குமிழ்முனைப் பேனையால் அழுத்தி எழுதினால் அந்தப் படை நசியும். காட்டமாக மணக்கும் மார்க்கரின் மை காலப்போக்கில் உள்ளே ஊறலாம். ஸ்டிக்கர் வெக்கையிலும் ஈரத்திலும் கிளம்பும்போது பூச்சையும் இழுக்கும். டிவிடியில் பதிவு இரண்டு தட்டுகளுக்கு நடுவே இருப்பதால் பேனைக்குத் தப்பும். ஆனால் ஸ்டிக்கர் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் வேகமாகச் சுழலும்போது ஆடி, வாசிக்க முடியாமல் போகும்.

'பெயர் எழுதாவிட்டால் எது எதுவென்று எப்படித் தெரியும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விபரத்தை உறையில் எழுதுங்கள். சீடியில் எழுதத்தான் வேண்டுமென்றால், மெல்லிய முனையுள்ள, தண்ணீர் மை மார்க்கரால் நடுவிலுள்ள கண்ணாடி வளையத்தில் எழுதுங்கள். ஏற்கெனவே ஒட்டிய ஸ்டிக்கரை எங்களைப்போல் உரிக்காதீர்கள். ஓடுகிற நாளிலேயே கணினியில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்துவிடுங்கள்.

தெட்சணாமூர்த்தியின் தவிலும் பத்மநாதனின் நாதஸ்வரமும் பிறந்த ஊர் இது. 1975இல் மறைந்தவரின் வாசிப்பை இனி யார் பதிவுசெய்வது? கசற்றிலிருந்து சீடிக்கு மாற்றியதோடு கடமை முடிந்தது என்று நாங்கள் இருந்துவிட முடியாது.

1990 ஒக்டோபரில் வடக்கை விட்டுப் போகவைக்கப்பட்டபோது எங்கள் முஸ்லிம் சனம் கலியாணப் படங்களைக்கூட விட்டுவிட்டுத்தான் போனது. 1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது நீங்களும் அதே வலியைப் பட்டீர்கள். இத்தனைக்கும் பிறகு மிஞ்சியிருப்பதை ஒரு ஸ்டிக்கருக்குப் பறிகொடுக்கலாமா?

இந்தச் சனி ஞாயிறில் உங்கள் அலுமாரியை ஒருக்கால் திறந்து பாருங்கள். பிரதி எடுக்கத் தெரியாதவர்கள் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளோடு வந்து செய்து தருகிறோம்.