ஓட்டையை அடைத்தீர்கள், புகையை எப்போது அடைப்பீர்கள்?

கொல்லிமலை வாசலூர்பட்டி ஏரியில் படகு விட வருகிறவர்கள் எங்களைப் பார்த்து ஆசையாகச் சொல்வார்கள்: “உங்களுக்கென்னங்க, சுத்தமான காத்து!” கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் காற்று என் மகளுக்குக் காலையிலும் கிடையாது, சாயங்காலமும் கிடையாது. ஸ்கூல் பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை அவள் குடிப்பது டீசல் புகை.

கீழே எங்கோ ஓடித் தேய்ந்து, இனி அங்கே ஓட்ட முடியாது என்றான பிறகு மலைக்கு வந்த வண்டி அது. மஞ்சள் பெயின்ட் மட்டும்தான் புதுசு. மேடு ஏறும்போது முதல் கியரில் உறுமிக்கொண்டு கரும்புகையைத் தள்ளும். வளைவில் திரும்பினால், தான் விட்ட புகைக்குள்ளேயே போய் நுழையும். பின்கதவு இடுக்கு வழியாகவும் உள்ளே ஏறும். மார்கழியில் கண்ணாடியைத் திறந்தால் குளிர், சாத்தினால் புகை. நாலாவது படிக்கிற பிள்ளை வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுக்கிறது. “அம்மா, பஸ்ஸு நாத்தம் தொண்டையிலயே நிக்குது” என்று சோற்றைத் தள்ளிவைக்கிறாள். ராத்திரியெல்லாம் வறட்டு இருமல்.

பிள்ளைகள் ஏறி முடிக்கும்வரையாவது இன்ஜினை நிறுத்தக் கூடாதா என்று டிரைவர் தம்பியிடம் கேட்டேன். “ஆஃப் பண்ணினா திரும்ப செல்ஃப் எடுக்காதுக்கா, தள்ள ஆள் வேணும்” என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அதே புகையில் அவரும்தான் உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டேன். “எஃப்சி (தகுதிச் சான்று) இருக்கு, புகைச் சான்றிதழ் இருக்கு, வேற என்ன வேணும்? புடிக்கலன்னா நீங்களே கூட்டியாந்து விட்டுக்குங்க” என்றார்கள். மிளகு விற்ற காசில் பஸ் ஃபீஸ் கட்டுகிறவளுக்குக் கிடைத்த மரியாதை இவ்வளவுதான்.

அந்தப் புகைச் சான்றிதழ் என்ன சொல்கிறது? வண்டியை நிறுத்தி வைத்து, நியூட்ரலில் போட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்து, புகைக்குழாயில் கருவியை விட்டு அளக்கிறார்கள். ஆள் ஏறாத வண்டி, மேடில்லாத தரை. காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கிற மலை இது. சமதரையில் வாங்கிய காகிதம் இங்கே எப்படிச் செல்லும்? பிள்ளை உட்காரும் சீட்டில், அவள் மூக்கு மட்டத்தில், புகை எவ்வளவு என்று, அதிகாரிகளே, உங்களில் ஒருவராவது அளந்தீர்களா?

2012-ஐ நினைத்தால் மனசு ஆறவில்லை. அந்த ஜூன் மாதம்தான் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக அறிவித்தது. அடுத்த மாதமே தாம்பரம் பக்கம் ஸ்கூல் பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி செத்தாள். தமிழ்நாடே கொதித்தது. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. இன்றும் மே மாதமானால் பஸ்களை வரிசையாக நிறுத்தி தரைப்பலகை, படி, அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி என்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும், அது அந்தக் குழந்தையின் உயிர் வாங்கிக்கொடுத்த காவல். ஆனால் புகை ஒரே நாளில் கொல்வதில்லை, ரத்தம் காட்டுவதில்லை. வளர்கிற நுரையீரலில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. அதனால்தானே யாருக்கும் அவசரமில்லை?

அடுப்புப் புகை ஆகாது என்று 2016-இல் உஜ்வாலா திட்டம் கொண்டுவந்து கேஸ் கொடுத்த அரசாங்கத்துக்கு, பஸ் புகை ஆகாது என்று தெரியாதா? பெரியவர்களைவிடப் பிள்ளைகள் வேகமாக மூச்சு விடுகிறார்கள். எடைக்குப் பார்த்தால் அதிகக் காற்று அவர்களுக்குள்தான் போகிறது.

வழி தெரியாமலும் இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்கப் புது வண்டிகளுக்கு பிஎஸ்-6 புகைத் தரம் கட்டாயம். அந்த டீசல் பஸ்களில் கரியைப் பிடித்து நிறுத்த வடிகட்டியே இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய அரசு வாகனங்களுக்குப் பதிவு கிடையாது. அதிகாரி ஏறும் ஜீப்புக்கு வயசு பார்த்தீர்கள். என் மகள் ஏறும் பஸ்ஸுக்கு மட்டும் எஃப்சியைப் புதுப்பித்துக்கொண்டே போகலாமா? டெல்லி பஸ்களை சிஎன்ஜிக்கு மாற்றும்படி உச்ச நீதிமன்றம் 1998-இலேயே உத்தரவு போட்டது. பழைய ஸ்கூல் பஸ்களை மாற்றவென்றே 2021-இல் அமெரிக்கா 500 கோடி டாலர் ஒதுக்கியது. மலையில் பிறந்த பிள்ளையின் நெஞ்சு மட்டும் என்ன இரும்பா?

“அப்படியானால் பஸ்ஸை நிறுத்திவிடுகிறோம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பஸ் நின்றால் படிப்பு நிற்கும், அதிலும் முதலில் நிற்பது பெண்பிள்ளை படிப்பு. மாற்றிக் கொடுங்கள். மலையில் ஓடும் பழைய பஸ்களிலிருந்து தொடங்குங்கள். சின்னப் பள்ளிக்கூடங்களுக்கு மானியம் கொடுங்கள், அந்தச் செலவு ஃபீஸாக எங்கள் தலையில் விழக் கூடாது. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டம் இது. தேய்ந்த இன்ஜெக்டரும் அடைத்த ஏர் ஃபில்டரும் கரும்புகை கக்கும் என்று பட்டறைப் பையனுக்கும் தெரியும். புது பஸ் வரும்வரை அதையாவது மாற்ற வையுங்கள்.

அடுத்த மே மாத ஆய்வை மலையில் வையுங்கள். பிள்ளைகளின் எடைக்கு மூட்டை ஏற்றி, வண்டியை மேட்டில் ஓட்டச் சொல்லி, பின்சீட்டில் நீங்கள் உட்கார்ந்து வாருங்கள். அதற்கப்புறமும் கையெழுத்துப் போட மனசு வந்தால் போடுங்கள்.